எதிர்காலத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியவர்

நெட்டித்திட்டில் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. பொங்கல் முடிந்த நான்காம் நாள் அது வெடித்தது. இதில் யார் மீதும் தவறில்லை. கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பதினாறு வருடம் தின்று, அன்றைக்கு முடித்துக்கொண்டது. வீடுகளுக்கு வரும் லைன் வேறு. அதில் மின்விசிறி சுற்றும், டிவி ஓடும். மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடாது.

மோட்டாரைப் போட்டு நிறுத்துவதுதான் காத்தவராயனின் வேலை. ஊராட்சியில் அவனுக்கு டேங்க் ஆபரேட்டர் என்று பெயர். நூற்றுப் பன்னிரண்டு வீட்டு மீனவர் குப்பத்தில் காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் ஐந்து முப்பத்தைந்துக்கு அவன் வீட்டு வாசலில் குடங்கள் நிற்கும். மூன்றாம் நாளும் புது டிரான்ஸ்பார்மர் வராததால் அவன் கிள்ளைக்குப் போய் லைன்மேன் சார்லஸைப் பார்த்தான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"புதுசு ரெடியா இருக்கு மச்சான். யார்டுல நிக்குது" என்றான் சார்லஸ். "ஆனா மாட்ட முடியாது."

"ஏன்டா?"

"உங்க ஊரை எதிர்காலத்துக்கு எடுத்துக்கினாங்க. லெட்டர் வந்திருக்கு. கடலூர்ல மஞ்சக்குப்பத்துல ஒரு ஆபீசு. அவுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் அந்த ஊர்ப் பக்கம் ஒரு ஒயரு போவணும்."

மறுநாள் காத்தவராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிதம்பரம் வந்து, பஸ் மாறி, கடலூர் போனான்.

அலுவலகத்தின் பெயர் வருங்கால எரிசக்தி ஒப்பாய்வு மையம். வாசலிலேயே ஒரு டீசல் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. அதன் புகையில் வாசல் வேப்பமரம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. மையம் மின் இணைப்பு வாங்கவில்லை. சூரிய ஒளித் தகடும் வைக்கவில்லை. எந்த எரிசக்தி சிறந்தது என்று முடிவாகாத நிலையில் மையமே ஒன்றைப் பயன்படுத்தினால் அது பக்கச்சார்பு ஆகிவிடுமாம். ஆகவே போட்டியில் இல்லாத டீசலைக் கொண்டு ஏழு ஏசி இயந்திரங்களை ஓட்டி நடுநிலை காத்துவந்தார்கள்.

இயக்குநர் முனைவர் இளவரசுவின் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். காத்தவராயன் சொன்னதை ஒரு நோயாளி சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தம்பி, ரத்தப் பரிசோதனைக்குப் போனா வெறும் வயித்துல வரச் சொல்றாங்களா இல்லையா?"

"சொல்றாங்க சார்."

"சாப்பிட்டுட்டுப் போனா ரிசல்ட் தப்பா வரும். அதே மாதிரிதான் இது. உங்க ஊருல இன்றைய மின்சாரம் இருந்தா நாளைய மின்சாரத்தை எப்படி அளக்கிறது? மாவட்டம் முழுக்கத் தேடினோம். எல்லா ஊர்லயும் மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கு. எங்கயுமே தூய்மையான சூழல் கிடைக்கல. உங்க டிரான்ஸ்பார்மர் வெடிச்ச செய்தி வந்ததும் இங்க ஸ்வீட் குடுத்தோம்."

"வெறும் வயித்துல எவ்ளோ நாளைக்கு சார் இருக்கணும்?"

"பதினெட்டு மாசம்" என்றார் இளவரசு. "நீட்டிக்கவும் வாய்ப்பு இருக்கு. கவலைப்படாதீங்க."

காத்தவராயன் ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்டு வந்தவன். திரும்பும்போது அவன் கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. அதில் 'பயனாளிகள் பிரதிநிதி' என்று இருந்தது. படத்தில் அவன் வாய் திறந்திருந்தது. ஏதோ கேட்க வந்தபோது எடுத்துவிட்டார்கள்.

மனைவி பவானி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இதைக் கொயாவுல மாட்டுனா தண்ணி வருமா மாமா?" என்றாள்.

மாசி மாதம் சாமான்கள் வந்து இறங்கின. மையத்தின் வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பதினைந்து நாளில் தொட்டியைச் சுற்றி ஒரு பொருட்காட்சியே எழுந்துவிட்டது. தொட்டிக்குத் தெற்கே சூரிய ஒளித் தகடுகள், வடக்கே ஒரு காற்றாலை. உப்பங்கழியில் ஏறி இறங்கும் கடல் ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு சக்கரம். அது கரையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மட்டுமே தண்ணீர் ஏறும் மேட்டில் வைக்கப்பட்டது. புகைப்படத்துக்கு அந்த இடம்தான் வெளிச்சமாக இருந்தது. நான்காவது சாண எரிவாயுக் கலன். நெட்டித்திட்டில் மாடு கிடையாது. இருபது ஆடும் நிறைய நாய்களும்தான். எனவே வாரம் ஒரு லாரி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சாணத்தை ஏற்றிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் டீசலில் வந்துபோனது. ஐந்தாவது ஹைட்ரஜன். அது இன்னும் வரவில்லை. அதற்கென்று வேலி போட்டு, உள்ளே 'ஹைட்ரஜன்' என்று பலகை மட்டும் நட்டார்கள்.

அந்தப் பலகையையும் சேர்த்து ஐந்திலிருந்தும் ஒயர்கள் கிளம்பி ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்த அளவுப் பெட்டிகளில் போய் முடிந்தன. அங்கிருந்து மோட்டார் அறை இருபதடி. அந்த இருபதடிக்கு ஒயர் இல்லை.

தொடக்க விழாவில் இளவரசு பேசினார். "உலகமே எந்த எரிசக்தி சிறந்தது என்று குழம்பி நிற்கிறது. சிலர் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நாம் அந்தத் தவறைச் செய்ய மாட்டோம். பயன்படுத்துவது யாராலும் முடியும். ஒப்பிடுவதற்குத்தான் அறிவு வேண்டும்!"

முன்வரிசையில் அவர் கூட்டி வந்தவர்கள் கை தட்டினார்கள். பிறகு பணியாளர்கள் இருவர் ஏறி, சூரிய ஒளித் தகடுகளை ஒரு பெரிய நீலத் தார்ப்பாயால் மூடினார்கள். காற்றாலையின் இறக்கையைக் கயிற்றால் கட்டினார்கள்.

காத்தவராயனுக்குப் புரியவில்லை. மேடையிலிருந்து இறங்கியவரிடம் கேட்டான்.

"ஓட்டப் பந்தயம் பாத்திருக்கீங்கல்ல?" என்றார் இளவரசு. "எல்லாரும் ஒரே கோட்டுல நின்னு, ஒரே விசிலுக்கு ஓடணும். ஹைட்ரஜன் வர்றதுக்கு முன்னாடி சூரியன் ஓடிட்டா அது நியாயமா?"

"ஹைட்ரஜன் எப்ப சார் வரும்?"

"அதுக்கான டெண்டரை எப்படிப் போடுறதுன்னு ஒரு குழு ஒப்பிட்டுக்கிட்டு இருக்கு."

சூரியனை நிறுத்திவைத்த இடத்தில் பங்குனி வெயில் கொளுத்தியது. நெட்டித்திட்டில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். தொட்டி மோட்டார் இறைக்கும் அந்த ஒரு ஆழ்துளைக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். பெண்கள் உப்பங்கழியின் நடுவே போகும் சிறு பாலத்தைக் கடந்து, கிள்ளைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து குடத்தில் கொண்டுவந்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போய்விட்டு வந்து, மேல் உப்பைக் கழுவத் தண்ணீரில்லாமல் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காத்தவராயன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். "வாய்யா, எதிர்காலம்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

இதற்கிடையில் மையத்திலிருந்து சுவாதி என்ற பெண் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகக் கருத்துக் கேட்க வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பவானி குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

"எதிர்கால எரிசக்தி உங்க வாழ்க்கையை எவ்ளோ மாத்தியிருக்குக்கா? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"தண்ணி எப்ப வரும்னு எழுதிக்கம்மா."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா. நம்பர்தான் போடணும்."

"அப்ப பூஜ்யம் போடு."

"பூஜ்யம் எடுக்காதுக்கா. ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்குது."

பவானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். "முதல்ல குடி. மூஞ்சி செவந்து கெடக்கு." சுவாதி குடித்தாள். இரண்டு கிலோமீட்டர் தூக்கி வந்த தண்ணீர் என்று தெரிந்து பாதியில் நிறுத்தினாள். மீதியை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்த மாத அறிக்கையில் நெட்டித்திட்டின் மகிழ்ச்சிக் குறியீடு ஒன்று என்று பதிவாயிற்று. தொடக்கப் புள்ளியே ஒன்று என்பதால் இது நல்ல தொடக்கம் என்று இயக்குநர் பாராட்டினார்.

சித்திரை இரண்டாம் வாரத்தில் பவானி பாலத்துப் பாசியில் வழுக்கி விழுந்தாள். குடம் தண்ணீருக்குள் போயிற்று. வலது முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது. சிதம்பரத்தில் மாவுக்கட்டுப் போட்டு, காத்தவராயன் அவளை ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "குடம் போச்சு" என்றாள்.

அவள் அழுதிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். அந்த இரண்டு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. நேரே கிள்ளைக்குப் போய் சார்லஸின் சட்டையைப் பிடித்தான்.

"அந்த சோலார்ல நம்ம மோட்டாரு ஓடுமா ஓடாதா? அதைச் சொல்லு முதல்ல."

"ஓடும். சோலார் கரண்டை மோட்டாருக்கு மாத்திக் குடுக்கற பொட்டியும் ஒயரும்கூட அந்தக் கொட்டாயிலதான் இருக்கு. சீல்கூடப் பிரிக்கல." சார்லஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஆனா நான் கை வெச்சா வேலை போயிடும் மச்சான். ஒண்ணு பண்ணலாம். நான் வந்து அந்தாண்ட பாத்து நிக்கிறேன். வாயால சொல்றேன். நீ கையால செய்யி."

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, சார்லஸ் கொட்டகைக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி நின்றான். கடலிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னான். "செவப்பு ஒயரை மேல் ஓட்டையில வுடணும். டைட்டா முறுக்கணும். சும்மா பொதுவாச் சொல்றேன்." உள்ளே காத்தவராயன் முறுக்கினான். பெண்கள் நாலு பேர் தார்ப்பாயை உருவி மடித்தார்கள். பத்தே முக்காலுக்கு மோட்டார் ஒருமுறை உறுமி, பிறகு நிதானமாக ஓடத் தொடங்கியது. குழாயில் முதலில் துருத் தண்ணீர் வந்தது. பிறகு காற்று. பிறகு நல்ல தண்ணீர்.

காத்தவராயன் குழாயடியில் உட்கார்ந்து, நனைவது தெரியாமல் இருந்தான். மூன்று மாதமாக அவன் மேல் கோபமாக இருந்தவர்கள் ஒருவர்கூட அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் குடத்தைத்தான் பார்த்தார்கள். அது அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது.

'தாங்கள் எதிர்காலத்தை உரிய அனுமதியின்றி, நிகழ்காலத்தில், சொந்த ஊரின் தாகத்துக்காகப் பயன்படுத்தியுள்ளீர்கள். இதனால் ஒப்பாய்வின் தூய்மை கெட்டுள்ளது. சிதம்பரத்தில் நடைபெறவுள்ள தேசியக் கருத்தரங்கில், மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வில் நேரில் ஆஜராகி விளக்கமளிக்கவும்.'

தெற்கு வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு. மணமேடை ஜரிகை அலங்காரத்தைக் கழற்றாமல் அதன்மேலேயே பேனர் கட்டியிருந்தார்கள். ஆகவே 'மாற்று எரிசக்திகள்: ஓர் ஒப்பீடு' என்ற எழுத்துக்குக் கீழே 'நல்வரவு' என்று ரோஜாப்பூவில் எழுதியிருந்தது. முதல் பேச்சாளர் காற்றைவிடச் சூரியன் ஏன் தாழ்ந்தது என்று பேசினார். இரண்டாமவர் சூரியனைவிடக் காற்று ஏன் தாழ்ந்தது என்று பேசினார். இருவருக்கும் ஒரே மாதிரி பொன்னாடை. சாணத்தைப் பற்றிப் பேச வேண்டியவர் சாப்பாட்டுக்கு முன் அது வேண்டாமென்று நாகரிகமாகத் தவிர்த்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு காத்தவராயனை மணமேடையில் நிற்கவைத்தார்கள்.

இளவரசு மைக்கைப் பிடித்தார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "நண்பர்களே, இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். பதினொரு திட்டம் முடிச்சிருக்கேன். ஒரு திட்டத்துலகூட ஒரு பல்பு எரிஞ்சதில்ல! அந்த அளவுக்குக் கட்டுப்பாடு. இந்த மனுஷன் ஒரே காலையில எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டார். இப்ப சூரியன் தண்ணி இறைச்சிருச்சு. மத்த நாலும் இறைக்கல. இனிமே நான் எதை வெச்சு ஒப்பிடுவேன்?"

மண்டபம் வருத்தத்தில் ஆழ்ந்தது. இரண்டாவது வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க தரப்புல ஏதாவது சொல்லணுமா?"

காத்தவராயன் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தான். "சார், என் பொண்டாட்டிக்குக் கை ஒடஞ்சிடுச்சு. ஊருக்குத் தண்ணி இல்ல. வெயிலு ஜாஸ்தி. பொட்டி சும்மா கெடந்துச்சு. மாட்டுனேன். ஓடுச்சு."

"அஞ்சுல எந்த எரிசக்தி சிறந்ததுன்னு நினைக்கிறீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பேராசிரியர் கேட்டார்.

"ஓடுறது சார்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சுவாதி நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பதில் அறிவியல்பூர்வமானது அல்ல என்று ஏகமனதாகப் பதிவு செய்யப்பட்டது. தகடுகள் உடனே மீண்டும் மூடப்பட வேண்டும், இயக்குநரின் எழுத்துப்பூர்வ ஆணையின்றித் தார்ப்பாயை அகற்றுபவர் மேல் வழக்குத் தொடரப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தின் ஒரு பிரதியைக் காத்தவராயனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

தூய்மையை மீட்டெடுக்கும் நிகழ்ச்சிக்கு இளவரசு தாமே நேரில் வந்தார். ஒரு புகைப்படக்காரர், முத்திரைப் பெட்டியோடு ஒரு உதவியாளர், சுவாதி, பணியாளர்கள் இருவர். மணி பதினொன்று. அன்றைய தண்ணீரை ஊர் அப்போதுதான் பிடித்து முடித்திருந்தது, தொட்டி காலி. பெண்கள் அடுத்த நடைக்குக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, கைகட்டி நின்றார்கள். பவானி மாவுக்கட்டுக் கையோடு முன்னால் நின்றாள்.

"மூடுங்கப்பா" என்று பணியாளர்களிடம் சொல்லிவிட்டு, இளவரசு ஓதச் சக்கரத்தோடு படம் எடுத்துக்கொள்ளப் போனார். புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். அவர் போனார். மேடு போல் தெரிந்தது மேடு இல்லை. கழிச்சேறு அவரைத் தொடைவரை வாங்கிக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த சார்லஸும் காத்தவராயனும் ஒரு துடுப்பை நீட்டி இழுத்தார்கள். ஒரு செருப்பு வந்தது.

கழிச்சேறு ஈரமாக இருக்கும்போது நாறும். காய்ந்தால் அரிக்கும். வெயிலில் அது வேகமாகக் காய்ந்தது. இளவரசு இரண்டு காலையும் அகட்டி வைத்து நடந்து குழாயடிக்கு வந்து திருகினார். காற்றுகூட வரவில்லை.

"தண்ணி வுடுய்யா!"

"மோட்டார் நின்னு போச்சு சார்" என்றான் காத்தவராயன். "தார்ப்பா போட்டாச்சு."

"குடத்துல இருந்து ஊத்து."

"எல்லாம் வெறுங்குடம் சார். இப்பதான் கொண்டாந்து வெச்சிருக்காங்க."

"அப்ப தார்ப்பாயை எடுய்யா! அரிக்குது!"

காத்தவராயன் சட்டைப் பையிலிருந்து தீர்மானத்தின் பிரதியை எடுத்துப் பிரித்தான். அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே பயந்திருந்தான். "எழுத்துப்பூர்வ ஆணை இல்லாம எடுத்தா கேஸுன்னு போட்டிருக்கு சார். நீங்க எழுதிக் குடுத்துடுங்க. ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம்."

இளவரசு சுற்றிலும் பார்த்தார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. உதவியாளர் மையத்தின் பெயர் அச்சிட்ட தாளை நீட்டினார். இளவரசு ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்துக்கொண்டே எழுதினார். 'நெட்டித்திட்டு சூரிய ஒளித் தகடுகளின் மேலுள்ள தார்ப்பாயை உடனே அகற்றி, மோட்டாரை இயக்கவும்.'

"சார், 'மறு ஆணை வரும் வரை'ன்னு சேக்கணும்" என்றாள் சுவாதி. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இல்லன்னா ஃபார்மட் தப்பாயிடும். ஆடிட்ல கேப்பாங்க."

ஃபார்மட் என்றதும் இளவரசுவின் கை தானாக எழுதியது. கையெழுத்து, தேதி, உருண்டை முத்திரை. தார்ப்பாய் இறங்கியது. மோட்டார் உறுமியது. அவர் குழாயடியில் வேட்டி கட்டாத குறையாகப் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இரண்டு காலையும் கால் மணி நேரம் கழுவினார். பின்னால் ஊர் முழுக்கக் குடத்தோடு பொறுமையாக நின்றது. கழுவி முடித்ததும், ஒரு செருப்போடு காரில் ஏறி, ஏசியைப் போடச் சொல்லிவிட்டு, சிதம்பரத்தில் ஏதோ கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டுப் போனார்.

சுவாதி பின்னால் வந்த ஜீப்பில் ஏறுமுன் பவானியைப் பார்த்தாள். பவானி இடது கையால் ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினாள். இந்த முறை அவள் முழுவதையும் குடித்தாள்.

மோட்டார் அதன்பின் நிற்கவில்லை. காலை எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் ஓடத் தொடங்கி, தொட்டி நிரம்பியதும் காத்தவராயன் நிறுத்துகிறான். ஆணையைக் கிள்ளையில் லேமினேட் செய்து மோட்டார் அறைக் கதவில் ஆணியடித்திருக்கிறான்.

ஆவணியில் மையத்தின் பணியாளர்கள் இருவரும் ஒரு சரக்கு ஆட்டோவில் வந்தார்கள். தகடுகளைத் தொட அவர்களுக்கு உத்தரவில்லை. ஸ்டாக் லிஸ்டில் ஒரு தார்ப்பாய் குறைகிறதாம், அதை மட்டும் எடுத்துப் போக வந்திருந்தார்கள். தார்ப்பாய் தொட்டிக்குப் பக்கத்தில் மணலில் விரித்திருந்தது. அதன்மேல் பவானி, கட்டுப் பிரித்த கையால், நெத்திலியைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மீனைக் கொஞ்சம் அள்ளிட்டீங்கன்னா…"

"எழுதி வாங்கியாந்தியா?" என்றாள் பவானி, நிமிராமல்.